பெயர் வெட்டிய டம்ளர்

நாகலக்ஷ்மியைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியானவள் ஹில்டாதான். ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் ஹில்டாவுக்கு எழுத வராது, எனக்கு வரும். அந்த ஒன்றிலாவது அவளை முந்திக்கொள்கிறேன்.

நான் ரத்தினபாய். குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். அறுபத்தொன்றாம் வருஷம் நானும் என் வீட்டுக்காரர் தயாளனும் சிட்லபாக்கத்தில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு வந்தோம். அப்போது எங்கள் தெருவில் மொத்தமே இரண்டு வீடுகள். எங்களுடையது ஒன்று, பக்கத்தில் நாகலக்ஷ்மியுடையது ஒன்று. அதற்கு அப்பால் ஏரிக்கரை வரைக்கும் முள்ளும் மணலும்தான். சானடோரியம் ஸ்டேஷனுக்குக் கால்மணி நேரம் நடக்க வேண்டும். இருட்டினால் நரி ஊளையிடும். எங்களுக்குக் குழந்தை இல்லை. நாகலக்ஷ்மிக்கு ஒரே மகள் ரமா, அவளையும் அப்போதுதான் பம்பாயில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆக, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து ஆண்கள் இரண்டு பேரும் ரயிலில் திரும்புகிறவரை அந்தப் பொட்டலில் பேச்சுத் துணைக்கு அவளுக்கு நான், எனக்கு அவள்.

என்னைவிட எட்டு வயது மூத்தவள். நேரில் மாமி என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் மட்டும் நாகலக்ஷ்மி. குள்ளம், வேக நடை, முன்பல்லில் ஓர் இடைவெளி. அது தெரியக்கூடாதென்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். பதினாலு வயதில் கல்யாணமாகி வந்தவள். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. ஆனால் செடியோடு பேசுவாள், அதுவும் அவள் சொன்னதைக் கேட்கும் என்று தோன்றும். குச்சியை ஒடித்து நட்டால் பூத்துவிடும். பொய் சொல்லத் தெரியாது. நான் புதுப்புடவை கட்டிக்கொண்டு போய் நின்றால், "உங்களுக்கு இந்தப் பச்சை வேண்டாம் டீச்சர், கறுப்பாத் தெரியறேள்" என்பாள். கோபம் வரும். மறுநாள் அந்தப் புடவை பெட்டிக்குள் போய்விடும்.

சாயங்காலம் நான் வந்ததும் முகம் கழுவிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவேன். கூடத்தில் உட்கார வைத்து காபி கொடுப்பாள். அப்புறம் இருவரும் ஏரிக்கரைக்குப் போவோம். ஆறு மணி சுமாருக்குக் கொக்குகள் வந்து கருவேல மரங்களில் இறங்கும். ஒன்று, இரண்டாக வரும், பிறகு கும்பலாக வரும். நாகலக்ஷ்மி விரல் விட்டு எண்ணுவாள். மகளுக்கு வெள்ளிக்கிழமை தோறும் எழுதும் கார்டில், விலைவாசிக்கும் உடம்புச் சௌகரியத்துக்கும் கீழே, "இன்று கொக்கு நாற்பத்தொன்று" என்று எழுதுவாள். பம்பாயில் இருக்கிற பெண்ணுக்குச் சிட்லபாக்கத்துக் கொக்குக் கணக்கு எதற்கு என்று நான் கேட்டதில்லை. எண்ணும்போது பேசக்கூடாது என்பதும் எனக்குப் பழகிப்போயிற்று. வெளியே உலகம் எப்படியோ அடித்துக்கொண்டது. இந்தி என்றார்கள், யுத்தம் என்றார்கள், அரிசி இல்லை என்றார்கள். அந்த அரைமணி நேரம் மட்டும் எங்கள் இருவருக்கும் மேலே வெள்ளையாகப் பறந்து போய்க்கொண்டிருந்தது.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்குப் பலிபீடத்தில் வைக்கப் பூ கொண்டுவர ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை உண்டு. என் முறை வரும்போது நாகலக்ஷ்மி தோட்டத்து நந்தியாவட்டைதான் போகும். சனிக்கிழமையே பறித்து ஈரத்துணியில் சுற்றிக் கொடுப்பாள். "உங்க சாமிக்கு வாசனை வேணுமோன்னோ? நடுவுல ரெண்டு மல்லி சொருகியிருக்கேன்" என்பாள். ஒரு வருஷம் ஈஸ்டர் அன்று போதகரே பூவைப் பார்த்து, "யார் தோட்டம்?" என்று விசாரித்தார். என் சிநேகிதி தோட்டம் என்றேன். என் என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன்.

இவ்வளவும் இருந்தும், அவள் என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. நானும் கொடுத்ததில்லை.

அதற்குக் காரணம் பல்லாவரம். இங்கே வருவதற்கு முன் பல்லாவரத்தில் ஓர் ஐயர் வீட்டில் குடியிருந்தோம். முதல் கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் அடுப்படியில் வெந்து, அதிரசமும் முறுக்கும் சுட்டு, தட்டில் அடுக்கி வீட்டுக்கார அம்மாளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாள் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை பார்க்கிறேன், அவ்வளவும் மாட்டுத் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது. மாடு அதிரசத்தைத் தின்றுவிட்டு முறுக்கை ஒதுக்கியிருந்தது. அன்று நான் அழுததை தயாளனுக்குக்கூடச் சொல்லவில்லை. இனிமேல் எந்தப் பிராமண வீட்டுக்கும் அடுப்பில் ஏறிய பொருளைக் கொடுப்பதில்லை என்று மட்டும் முடிவு செய்தேன்.

ஆகவே நாகலக்ஷ்மிக்கு ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஒரு சீப்பு வாழைப்பழம், அரைப்படி சர்க்கரை, வெற்றிலைப் பாக்கு. பச்சைப் பொருள். தட்டோடு வாசலில் நின்று கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். அவளை உள்ளே வாங்க என்று கூப்பிட்டால் தர்மசங்கடப்படுவாளே என்று கூப்பிடுவதும் இல்லை. அவள் ஆசாரத்துக்கு நான் கொடுக்கும் மரியாதை இது என்று பெருமையாகக்கூட நினைத்துக்கொண்டேன். ஒன்பது வருஷம் இப்படிப் போயிற்று.

எழுபதாம் வருஷத் தொடக்கத்தில் ஹில்டா வந்தாள்.

நாகலக்ஷ்மி வீட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மனையில் புது வீடு எழும்பி, அதில் ஹில்டாவும் அவள் புருஷன் லாசரஸும் குடியேறினார்கள். ஆக நாகலக்ஷ்மி நடுவீடு ஆகிவிட்டாள். லாசரஸ் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் மேஸ்திரி. அவர் தெருமுனையில் திரும்பும்போதே காற்று வந்து சொல்லிவிடும். ஹில்டா பரங்கிமலைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். முப்பது வயது இருக்கும். நைலக்ஸ் புடவை, உரத்த குரல், ஆறேழு கோழி. வந்த அன்றே என் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "டீச்சரக்கா, உப்பு கீதா? சாமானெல்லாம் மூட்டைல கீது, எதுல இன்னா கீதுன்னே தெர்ல" என்றாள். உப்புக் கொடுத்தேன். பதிலுக்கு, "வாக்கா, காபி போட்றேன், சாப்ட்டுப் போ" என்றாள்.

"இப்பதான் குடிச்சேன்" என்றேன். குடித்திருக்கவில்லை. அதற்கப்புறமும் எத்தனையோ தடவை அவள் கேட்டாள், எத்தனையோ தடவை நான் இப்பதான் குடித்தேன். தோல் கம்பெனி வீட்டுக் காபி எனக்கு இறங்காது என்பதுதான் விஷயம். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

இரண்டு மாதத்துக்குள் நாகலக்ஷ்மியின் நந்தியாவட்டை ஹில்டா வீட்டு மாதா சுரூபத்துக்கும் போக ஆரம்பித்தது. என் பலிபீடத்துக்கு வருஷத்தில் நாலு தடவை. அவள் மாதாவுக்கு வாரத்தில் இரண்டு தடவை. பிறகு ஒருநாள் சாயங்காலம் ஏரிக்கரைக்கு நாங்கள் கிளம்பியபோது, "எங்க போறீங்க, நானும் வர்றேன்" என்று ஹில்டா செருப்பை மாட்டிக்கொண்டாள். கரையில் நின்று, "ஐயே, எத்தினி கொக்கு பாரேன்! மாமி, இத்த சூப் வெச்சா உடம்புக்கு நல்லதாமே?" என்று கேட்டாள். நாகலக்ஷ்மிக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. இதோ, இப்போது அவளுக்கு ஒரு டோஸ் கிடைக்கப்போகிறது என்று ஆவலாகக் காத்திருந்தேன். நாகலக்ஷ்மியோ தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஒன்பது வருஷத்தில் நான் அவளை அப்படிச் சிரிக்க வைத்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான் என்று தயாளனிடம் புலம்பினேன். "உனக்கு அந்தப் பொண்ணு மேல ஏன் இவ்வளவு காட்டம்?" என்று கேட்டார். "எனக்கென்ன காட்டம்? அவ யாரு, நான் யாரு?" என்றேன். அவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஆடி மாதம். பள்ளிக்கூடத்தின் பழைய தாளாளர் ஒருவர் இறந்துபோனதால் மத்தியானமே மணி அடித்துவிட்டார்கள். வெயிலில் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தேன். குறுக்குவழியில் வந்தால் ஹில்டா வீட்டுக் கொல்லைப்பக்கம்தான் முதலில் தென்படும். அடுக்களைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு முக்காலியில் நாகலக்ஷ்மி உட்கார்ந்திருந்தாள். கையில் எவர்சில்வர் டம்ளர். காபி.

சும்மா குடித்திருந்தால்கூட நான் பொறுத்திருப்பேனோ என்னவோ. அவள் சொந்த வீட்டிலேயே டம்ளரைத் தூக்கித்தான் குடிப்பாள். உதடு படாது, ஒரு சொட்டுச் சிந்தாது. அன்றைக்கு அங்கே, அந்த வீட்டில், உதடு வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். ஊதி ஊதி, கண்ணை மூடிக்கொண்டு. ஹில்டா தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் வந்தவழியே திரும்பி, சுற்றுவழியில் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒன்பது வருஷமாக வாழைப்பழத்தோடு வாசலில் நின்றவள் நான். ஆறே மாதத்தில் அடுக்களைக் காபி இவளுக்கு. அதுவும் எச்சில் பண்ணி! சாயங்காலம் வேலிக்கு அப்பாலிருந்து, "டீச்சர், வரலையா?" என்ற குரல் கேட்டது. தலைவலி என்றேன். மறுநாளும் தலைவலி என்றேன். அந்த வாரம் முழுக்க எனக்குத் தலைவலி. மத்தியான நேரங்களில் வகுப்பில் உலகப் படத்தை மாட்டிவைத்துக்கொண்டு, இந்நேரம் அங்கே டம்ளர் எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நிற்பேன். பிள்ளைகள் ஆப்பிரிக்காவை இடம் மாற்றிச் சொன்னால்கூட எனக்குக் காதில் விழவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை. சானடோரியம் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றபோது நாகலக்ஷ்மியின் கணவர் சுந்தரராமன் பக்கத்தில் வந்து நின்றார். ரயில்வே ஆபீசில் வேலை. நெற்றியில் விபூதி, கையில் குடை, வாயில் அளந்த பேச்சு. ஆபீசுக்கும் வீட்டுத் தண்ணீர்தான் கூஜாவில் கொண்டுபோவார். "சௌக்கியமா?" என்றார். சௌக்கியம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம்.

"சார், மாமிக்கு ஹில்டா வீட்டுக் காபி ரொம்பப் பிடிச்சுப்போச்சு போலிருக்கே. மத்தியானமெல்லாம் அங்கதான்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அப்படியா" என்றார். குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டார். பெண்கள் பெட்டியில் உட்கார்ந்தபோது, மனசு நிறைந்திருந்தது. குரோம்பேட்டையில் இறங்கும்போது ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

நாலு நாள் நாகலக்ஷ்மி வெளியே தலைகாட்டவில்லை. ஐந்தாம் நாள் வேலியோரம் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"டீச்சர், நீங்கதான் இவர்கிட்டச் சொன்னேளா?"

"ஆமாம்" என்றேன். பொய் சொல்லத் தெரியாதவளிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"ஏன்?"

அவ்வளவுதான், எனக்கு உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஒம்பது வருஷம் மாமி! உங்க ஆசாரம் கெடக்கூடாதுன்னு ஒரு வாய் தண்ணிகூட உங்களுக்குக் குடுத்ததில்ல. சமைச்சதைத் தொட்டா உங்களுக்கு ஆகாதுன்னு பழமும் சர்க்கரையுமா கொண்டுவந்து வாசல்ல நின்னேன். நேத்து வந்தவ, அவ வீட்ல போய் உக்காந்து உதடு வச்சுக் குடிக்கிறீங்க. அப்ப நான் யாரு உங்களுக்கு?"

நாகலக்ஷ்மி வேலியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நீங்க ஒரு நாளாவது கேட்டேளா?"



"காபி சாப்பிடறேளான்னு ஒரு வார்த்தை? நீங்க கேட்டு நான் மாட்டேன்னேனா? மொதல் கிறிஸ்மஸுக்கு வாழைப்பழத்தோட வந்து வாசல்லயே நின்னேள். உள்ள வாங்கோன்னேன். வேலை இருக்குன்னு போயிட்டேள். உங்காத்துக்கு வாங்கோன்னு இன்னிவரைக்கும் ஒரு தடவை கூப்பிட்டதில்லை. தினம் எங்காத்துல காபி குடிக்கறேள், உங்காத்து அடுக்களை எந்தப் பக்கம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. கிறிஸ்தவா ஆத்துக்குள்ள மத்தவா வரப்படாதோ என்னமோன்னு நெனச்சுண்டேன். ஹில்டா கேட்டா. 'மாமி, காபி சாப்ட்றியா'ன்னா. நன்னா இருக்குமான்னேன். குடிச்சுப் பாருன்னா. அவ்வளவுதான் டீச்சர்."

பல்லாவரத்து மாட்டுத் தொட்டியைப் பற்றி அவளிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அந்த அதிரசத்தைத் தொட்டியில் போட்டது இவள் இல்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. யாரோ செய்ததற்கு இவளை ஒன்பது வருஷம் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தியிருக்கிறேன். மரியாதை என்று நான் பேர் வைத்திருந்தது வெறும் பயம்.

"வாங்க மாமி. இப்பவே வாங்க. நான் போடறேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "முடியாது. இவர் சத்தம் போடலை. போட்டிருந்தாத் தேவலை. 'எங்கிட்டச் சொல்லாமப் பண்ணினயே'ன்னு ஒரு வார்த்தை. அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை. கார்த்தால சுவாமி முன்னாடி என்னை நிக்க வெச்சு, இனிமே வெளில எங்கேயும் வாயில ஒண்ணும் வெக்கமாட்டேன்னு சொல்லுன்னார். சொல்லிட்டேன்." பிறகு, "சுவாமிக்கு முன்னாடி சொன்னதை எப்படி மீறறது?" என்றாள்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்கு எட்டியதை நானே தட்டிவிட்டேன். அந்த வாரக் கடைசியில் ஹில்டா என் கேட்டுக்கு வந்தாள். வழக்கமான சத்தம் இல்லை.

"டீச்சரக்கா, மாமி இன்னா இப்பல்லாம் வூட்டாண்ட வர்றதே இல்ல? நாங்க தோல் கம்பெனின்னு யார்னா சொல்லிட்டாங்களா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன். அவள் போய்விட்டாள். எனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை என்று ஆனதில் ஓர் ஓரத்தில் எனக்குத் திருப்திகூட இருந்தது. அப்பேர்ப்பட்ட ஜன்மம் நான்.

அடுத்த சம்பளத்தில் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய், பாத்திரக் கடையில் ஓர் எவர்சில்வர் டவரா டம்ளர் வாங்கினேன். பெயர் வெட்டித் தருவார்களே, அந்த ஆள், "என்ன பேரும்மா?" என்று கேட்டான். நா.ல. என்றேன். உளியை வைத்துத் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்தான். வீட்டில் அலமாரி மேல்தட்டில் கவிழ்த்து வைத்தேன். யார் வாயும் படாமல் அது அங்கேயே இருந்தது. தயாளன் ஒருமுறை அவசரத்துக்கு அதைக் கையில் எடுத்தபோது நான் கத்திய கத்தலில் அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

மறுபடி சாயங்காலங்களில் ஏரிக்கரைக்குப் போக ஆரம்பித்தோம். நாகலக்ஷ்மி கோபத்தை வைத்துக்கொள்ளத் தெரியாதவள். சில நாள் ஹில்டாவும் வருவாள். இப்போது எண்ணும்போது வாயை மூடிக்கொள்ளக் கற்றிருந்தாள். நாகலக்ஷ்மி நடுவில் நிற்பாள். அந்தப் பக்கம் சாய்கிறாளா, இந்தப் பக்கம் சாய்கிறாளா என்று நான் கொக்கைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கிறிஸ்மஸுக்கு நான் வாழைப்பழம் கொண்டுபோவேன். இப்போது உள்ளே போய், உட்கார்ந்து கொடுத்தேன். அவள் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். வருவாள், உட்காருவாள், வெறும் வாயோடு எழுந்து போவாள். தண்ணீர்கூடக் கேட்கமாட்டாள். ஒவ்வொரு தடவையும் மேல்தட்டை ஒருமுறை நான் பார்த்துக்கொள்வேன். இப்படி ஐந்து வருஷம்.

எழுபத்தைந்தில் சுந்தரராமன் ரிடையர் ஆனார். வீட்டை விற்றுவிட்டு மகளோடு பம்பாயில் இருப்பதென்று முடிவாயிற்று. வைகாசி மாதம், வெள்ளிக்கிழமை. எனக்குக் கோடை விடுமுறை. சாமான்களெல்லாம் லாரியில் ஏறிவிட்டன. பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டார்கள். பம்பாய் ரயிலுக்குப் போக டாக்சிக்குச் சொல்லியிருந்தது. சுந்தரராமன் காலி வீட்டு வாசலில் குடையோடு நின்றுகொண்டிருந்தார். நான் நேரே அவரிடம் போனேன். 

"சார், அடுப்பெல்லாம் கட்டியாச்சு. எங்க வீட்ல காபி போடறேன். மாமி சாப்பிடலாமா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாக்கு மூட்டைகளைப் பார்த்தார். ஏரிப் பக்கம் பார்த்தார். "எனக்கும் சேத்துப் போடுங்கோ" என்றார். "சக்கரை கம்மியா."

இவ்வளவுதானா என்று எனக்கு ஆத்திரமே வந்தது. இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க ஐந்து வருஷம் எனக்கு வாய் வரவில்லையே! அவருக்கு என் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். தூக்கித்தான் குடித்தார், ஆனால் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

நாகலக்ஷ்மி அடுக்களைக்குள் வந்தாள். "சுவாமிகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். மேல்தட்டிலிருந்து டம்ளரை எடுத்துக் கழுவி, காபி ஊற்றி அவள் கையில் கொடுத்தேன். விளிம்பின் கீழே இருந்த எழுத்தை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். "எப்ப வெட்டினது?" என்றாள். சொன்னேன். தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் சிரிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "ஹில்டாவையும் கூப்பிடுங்கோளேன்" என்றாள்.

"அவ பல்லாவரம் சந்தைக்குப் போயிருப்பா. வெள்ளிக்கிழமையாச்சே" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை. அப்பால் கொல்லையிலிருந்து, "ஏ சனியனே, செடிய கிளறாத, அடிச்சேன்னா பாரு!" என்று ஹில்டா கோழியை விரட்டும் குரல் கணீரென்று கேட்டது. என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நாகலக்ஷ்மி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது. பொய்யைக் கண்டால் பட்டென்று சொல்லிவிடுகிறவள் அன்று ஒன்றும் சொல்லவில்லை. "ஆமாம், சந்தைக்குத்தான் போயிருப்பா" என்றாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட பொய் அது ஒன்றுதான். பிறகு டம்ளரில் உதடு வைத்து, ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கழுவி, தானே மேல்தட்டில் கவிழ்த்தாள்.

டாக்சி ஏறுவதற்கு முன் ஹில்டா வீட்டுக்குப் போய்க் கால்மணி நேரம் இருந்துவிட்டு வந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். ஹில்டா ஓவென்று அழுதது தெருவுக்கே கேட்டது. அழுவதில்கூட அவள்தான் முந்திக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து பம்பாயிலிருந்து கார்டு வந்தது. என் பெயருக்கு வந்த முதல் கார்டு என்று ஆசையாகத் திருப்பினேன். "ரத்தினபாய் டீச்சருக்கும் ஹில்டாவுக்கும்" என்று ஆரம்பித்திருந்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கார்டு. ரமா நன்றாக இருக்கிறாள். மாடியில் வீடு, மண்ணைப் பார்க்க வழியில்லை. "இங்கே கொக்கு இல்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போய் எண்ணி எழுதவும். தனியாக எண்ணினால் டீச்சர் கூட்டிச் சொல்வாள், ஹில்டா குறைத்துச் சொல்வாள்."

அந்தக் கார்டை இரண்டு நாள் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு மணி ஆகப்போகிற நேரத்தில், வீட்டில் உட்கார முடியவில்லை. நடுவீட்டில் புதுக் குடித்தனக்காரர்கள் நந்தியாவட்டையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டி ஹில்டா வீட்டுக்குப் போய்க் கார்டை நீட்டினேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கிறவரை நின்றேன்.

"ஹில்டா, அன்னிக்கு மாமி வீட்டுக்காரர்கிட்டச் சொன்னது நான்தான். உங்க தோல் கம்பெனி இல்ல."

"தெர்யும்க்கா" என்றாள். "மாமி அப்பவே சொல்ச்சு. டீச்சருக்கு நம்ம ரெண்டு பேர் மேலயும் ஆசை ஜாஸ்தி, அதான் அப்டி பண்ட்டாங்க, நீ ஒண்ணும் கேக்காதன்னுச்சு."

ஐந்து வருஷம்! என் குற்றத்தைக்கூட இரண்டு பேரும் சேர்ந்து, எனக்குத் தெரியாமல், பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குப் பொறாமை வந்தது. அழுகையும் வந்தது.

"இன்னாக்கா நீ, உக்காரு" என்று ஹில்டா முக்காலியை இழுத்துப் போட்டாள். அதே முக்காலி. "காபி சாப்ட்றியா?"

இப்பதான் குடிச்சேன் என்று வாய் வரை வந்தது.

"போடு" என்றேன்.

பில்டர் கிடையாது. துணியில் வடிகட்டினாள். சர்க்கரையை அள்ளிப் போட்டாள். டம்ளரைக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, உதடு வைத்துக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.